மண்ணுக்குள் இடுவதும் மறவாமல் காப்பதும்

(கூமாப்பட்டியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மேற்கே மலையும் அதன் அடியில் பிளவக்கல் அணைநீரும், அந்நீரை நம்பிய நெல்வயலும் தென்னந்தோப்புமாக விளங்குவது இக் கூமாப்பட்டி. 2025ஆம் ஆண்டின் நடுவில் இவ்வூரின் பெயர் கைப்பேசிப் படக்காட்சிகள் வழியே தமிழ்நாடெங்கும் ஒரே கிழமைக்குள் பரவியது. எங்கெங்கோ இருந்து மக்கள் வண்டி கட்டி வந்து இறங்கினர். வந்த பின்னரே, அணைக்குள் இறங்கிக் குளிக்க இசைவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. படம் பொய்யன்று, காட்டிய நீரும் உண்மையான நீரே. ஆயினும், படம் காட்டியது பாதி. காட்டாமல் விட்டது பாதி. எண்மக் கருவி எதுவாயினும் அதற்குக் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தரும். கொடாததைத் தானே தேடிச் சொல்லாது. இச் சிற்றூர் பட்டறிந்த இவ்வுண்மை, இன்று உலகில் மிகப் பெரிய வல்லுநர்களும் தலையில் கைவைத்து எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெரும்பொருளுக்கும் பொருந்தும். அப்பொருள் அணுக்கழிவை ஆழ்நிலத்தில் இடுவதும், அப்பணிக்குக் கணிப்பொறியைத் துணைகொள்வதும் ஆகும்.

கழிவின் அகவை

கூமாப்பட்டிக்கும் அணுக்கழிவிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக் கூடும். தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் 1984ஆம் ஆண்டு முதலும், கூடங்குளத்தில் 2013ஆம் ஆண்டு முதலும் அணு உலைகள் இயங்குகின்றன. கூடங்குளத்தின் முதலிரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட்டுத் திறனுடையவை. மேலும் நான்கு உலைகள் அங்கே எழுப்பப்படுகின்றன. அடுப்பில் விறகெரிந்தால் சாம்பல் எஞ்சும். அச் சாம்பலைப் பாத்திரம் துலக்கலாம், வயலுக்கும் இடலாம். அணு உலையில் எரிந்த எரிகோலோ, உலையில் இடுமுன் இருந்ததினும் பன்மடங்கு கதிர்வீச்சுடன் வெளிவருகின்றது. அதனை நீர்த்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஆழ்த்திக் குளிர்விக்க வேண்டும். அதன் பின்னும் அது அடங்குவதில்லை.

கதிர்வீசும் பொருள் ஒவ்வொன்றற்கும் அரைவாழ்நாள் என்று ஒன்றுண்டு. இருந்த அளவில் பாதி அழிவதற்கு ஆகும் காலமே அது. சீசியம்-137 என்பதற்கு அக்காலம் ஏறத்தாழ 30 ஆண்டு. புளூட்டோனியம்-239 என்பதற்கு 24,110 ஆண்டு. அயோடின்-129 என்பதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டிற்கும் மேல். இவ்வெண்களின் பருமையைத் தமிழரின் பழமையோடு வைத்து அளந்து பாருங்கள். கீழடியின் காலம் ஏறத்தாழ 2,600 ஆண்டு. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் 5,300 ஆண்டு என்று தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் அறிவித்தது. தமிழர் நெஞ்சு நிமிர்த்திக் கூறும் அப் பழமை, புளூட்டோனியத்தின் ஒரே ஓர் அரைவாழ்நாளில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இத்துணை நெடுங்காலம் ஒரு நஞ்சைக் காத்து நிற்க எந்த அரசால் முடியும்? எந்தப் படைக்கு அத்துணை வாழ்நாள் உண்டு? மூவேந்தர் ஆட்சியும் போயிற்று. நாயக்கர் ஆட்சியும் போயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியும் போயிற்று. எனவேதான், மாந்தர் காவலை நம்பாது, மண்ணையும் பாறையையும் காவலாக வைக்கும் எண்ணம் அறிவியலறிஞர்க்குத் தோன்றியது.

தாழியின் பாடம்

இதற்கு முன்னோடியாய் நிற்பது பின்லாந்து நாடு. அந்நாட்டின் ஓல்கிலுவோட்டோத் தீவில், 2004ஆம் ஆண்டு பாறையைக் குடையத் தொடங்கினர். 190 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறையில், நிலமட்டத்திற்குக் கீழே 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் சுரங்கங்கள் அமைந்துள்ளன. எரிந்த எரிகோலை வார்ப்பிரும்புக் கூட்டில் வைத்து, அதனைச் செம்புக் கலத்தில் அடைத்து, அக்கலத்தைச் சுற்றிலும் நீர்பட்டால் வீங்கி இறுகும் களிமண்ணைத் திணித்து, அதன்மேல் பாறையே கவசமாக நிற்குமாறு செய்வது அவர்தம் திட்டம். ஏறத்தாழ 6,500 டன் எரிபொருளை இங்ஙனம் இடுவதற்கு அது வகுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வெற்றுக் கலங்களைக் கொண்டு வெள்ளோட்டம் தொடங்கினர். சுவீடன் அரசு 2022 சனவரியில் அத்தகைய ஒரு களஞ்சியத்திற்கு இசைவளித்தது. 2025 சனவரியில் அங்கே பணி தொடங்கியது. பிரான்சு நாடு, பூர் என்னும் ஊர்ப்பகுதியில் 500 மீட்டர் ஆழத்துக் களிப்பாறையைத் தேர்ந்துள்ளது.

கலத்திலிட்டு, மூடி, மண்ணுக்குள் நிறுத்தும் இம்முறை தமிழ் மண்ணிற்குப் புதியதோ? பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் நிரைநிரையாக நின்றமையை 1876ஆம் ஆண்டிலேயே அகழ்ந்து கண்டனர். சுட்ட மண்ணாலாகிய கலம், காற்றும் நீரும் அலைக்காத இடத்தில் இருந்தால் ஈராயிரம், மூவாயிரம் ஆண்டு நிற்கும் என்பதற்கு அத் தாழிகளே சான்று. மேலை நாட்டு வல்லுநரும் இத்தகைய பழம்பொருள்களையே துணைகொள்கின்றனர். சுகாத்துலாந்தில் உரோமப் படையினர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகட்கு முன் புதைத்துச் சென்ற எட்டு இலக்கத்திற்கும் மேற்பட்ட இரும்பாணிகள் அண்மைக் காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. குவியலின் வெளிப்புறத்தாணிகள் துருவேறி ஓடாகிக் காத்தமையால், உட்புறத்தாணிகள் கெடாமல் இருந்தன. 1676ஆம் ஆண்டு பால்டிக்குக் கடலில் மூழ்கிய குரோனன் என்னும் சுவீடன் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கி, கடலடிக் களியில் புதைந்து கிடந்தும் மிகச் சிறிதே அரிக்கப்பட்டிருந்தது. செம்புக் கலம் எத்துணைக் காலம் நிற்கும் என்று கணிப்பார்க்கு இவை அளவுகோலாயின.

கணிப்பொறி செய்யும் பணி

ஆயினும், மூவாயிரம் ஆண்டிற்குச் சான்று உண்டு. ஓரிலக்கம் ஆண்டிற்குச் சான்று எங்கே? அத்துணைக் காலம் காத்திருந்து ஆய்ந்து பார்க்க எவர்க்கும் இயலாது. இங்கேதான் கணிப்பொறி வந்து நிற்கின்றது. அதன் பணியை நான்காகப் பகுக்கலாம்.

முதற்பணி, பாறையின் உள்ளமைப்பை வரைந்து காட்டுவது. கிணறு வெட்டுவோர்க்கு இது நன்கு விளங்கும். ஒரு தோட்டத்தில் அறுபதடியில் ஊற்றுக்கண் திறக்கும். வரப்பிற்கு அப்பால் அறுநூறடி துளைத்தும் தூசே பறக்கும். நீர் பாறைக்குள் ஓடுவதில்லை. பாறையின் வெடிப்பிற்குள் ஓடுகின்றது. எந்த வெடிப்பு எந்த வெடிப்போடு கூடுகின்றது என்பதை அறிந்தவனே நீரை அறிந்தவன். ஆழ்துளையிட்டு எடுத்த கல்லும், நில அதிர்வலைகளும், மின்னோட்ட அளவும் தரும் எண்களையெல்லாம் திரட்டி, கண்ணுக்குத் தெரியாத அப் பாறையைத் திரையில் முப்புறமும் சுற்றிப் பார்க்குமாறு கணிப்பொறி வரைந்து தருகின்றது.

இரண்டாம் பணி, காலத்தை ஓட்டிப் பார்ப்பது. கழிவின் வெம்மை பாறையை எவ்வளவு சூடாக்கும்? சூட்டினால் வெடிப்பு விரியுமா, மூடுமா? நீர் புகுந்தால் செம்பு எப்பொழுது அரிக்கும்? அரித்தால் எப்பொருள் முதலில் வெளியேறும்? அது மேலேறி ஒரு கிணற்றை எட்ட எத்தனை ஆயிரம் ஆண்டாகும்? இவ்வினாக்களைச் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியிடம் தந்தால், ஓரிலக்கம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சில நாளில் அது கணித்துக் காட்டும்.

மூன்றாம் பணி, எண்ம இரட்டையை உருவாக்குவது. சுரங்கத்திற்குள் வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளைப் பதித்து, அவை இடையறாது அனுப்பும் அளவுகளைக்கொண்டு, சுரங்கத்தைப் போலவே ஒரு சுரங்கத்தைக் கணிப்பொறிக்குள் வைத்துக்கொள்வதே அது. மெய்ச் சுரங்கத்தில் நிகழ்வது கணக்கில் கண்டதற்கு மாறாகப் போனால், உடனே அது தெரியவரும்.

நான்காம் பணி, கணக்கெழுதுதல். எந்தக் கலத்தில் எந்த எரிகோல், எந்நாளில் எடுத்தது, எக்குழியில் இட்டது, மூடியை ஒட்டிய பற்றவைப்பில் பழுதுண்டா என்னும் ஐந்தொகையை ஒன்றுகூட விடாமல் காப்பது.

இவற்றில் இரண்டாம் பணியே மிக அரிது. ஏனெனில், கணக்கு மெய்யா என்று எதனோடு ஒட்டிப் பார்ப்பது? சுவிட்சர்லாந்தின் மோன் தெரி மலையடியில் 1996ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வுச் சுரங்கம் இயங்குகின்றது. அங்கே கழிவு இடப்படுவதில்லை; ஆய்வு மட்டுமே நிகழ்கின்றது. பைஞ்சுதையும் களிப்பாறையும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நேர்கின்றது என்பதை 13 ஆண்டுகள் அளந்த ஓர் ஆய்வின் முடிவை, புதிய மென்பொருள் ஒன்றின் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தியமையை 2025ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கவனியுங்கள்: 13 ஆண்டு அளந்தார்கள், பின்னரே கணக்கைச் சரியென்றார்கள். அளவை முன்னே, கணக்கு பின்னே. அறிவியலின் நடை அதுவே.

கருவி பிழைக்காது, கை பிழைக்கும்

அவ்வாறாயின் கணிப்பொறியை நம்பி உறங்கலாமோ எனின், உறங்கலாகாது. அமெரிக்காவின் நெவாடாப் பகுதியில் யுக்கா மலையைக் குடைந்து அணுக்கழிவை இடத் திட்டமிட்டிருந்தனர். மழைநீர் அம்மலைக்குள் எவ்வளவு இறங்கும் என்று கணிப்பொறியில் கணித்த பணியாளர் சிலர், 1998 முதல் 2000 வரை தமக்குள் எழுதிக்கொண்ட மின்மடல்கள் 2005 மார்ச்சில் வெளிவந்தன. தரச்சான்றுக் குறிப்புகளை அவர்கள் புனைந்திருக்கக் கூடும் என்னும் ஐயத்தை அம்மடல்கள் எழுப்பின. பல கோடிப் பணம் செலவிட்டு எழுப்பிய கணக்கின்மேல் ஊரார் வைத்த நம்பிக்கை ஒரே நாளில் சரிந்தது. சூத்திரம் பிழைக்கவில்லை, சூத்திரத்தின் பின்னிருந்த நெஞ்சம் பிழைத்ததோ என்பதே வினாவாயிற்று.

இன்னொன்று, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் மாணவர்க்குச் சொல்லத் தக்கது. நியூ மெக்சிகோவில் உப்புப் படுகையில் 655 மீட்டர் ஆழத்தில், படைத்துறைக் கழிவை இடும் களஞ்சியம் ஒன்று 1999ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. 2014 பிப்பிரவரி 14ஆம் நாள் அங்கே ஒரு பீப்பாய் வெடித்து, கதிரியக்கத் துகள் நிலமட்டம் வரை வெளிப்பட்டது. அதனால் ஏறத்தாழ மூன்றாண்டு அங்கே கழிவிடுதல் நின்றது. வெடித்தமைக்கு ஏது என்ன? ஈரம் உறிஞ்சுவதற்காகப் பீப்பாய்க்குள் இடும் பொருள் கனிமப் பொருளாக இருத்தல் வேண்டும். மாறாக, கூலத்திலிருந்து செய்த பொருளை இட்டுவிட்டனர். அப்பொருள் உள்ளிருந்த உப்புகளோடு கூடிச் சூடேறி வெடித்தது. கூட்டமொன்றில் குறிப்பெடுத்தவர், 'கனிமம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, அதற்கு நேர்மாறான பொருள் தரும் இரு சொற்களாகக் கேட்டு எழுதியதே இதன் வேர் என்று கூறப்பட்டது. ஆங்கிலமே தாய்மொழியாக உடையவர் கையில், ஆங்கிலத்திலேயே, ஓர் ஒலி பிசகியதால் இக்கேடு விளைந்தது! தாய்மொழியல்லாத மொழியில் எழுதிய கையேட்டைத் தமிழகத்துத் தொழிலாளி படித்து, கதிர்வீசும் கலத்தைக் கையாள வேண்டும் என்றால், அங்கே எத்தனை ஒலிகள் பிசகும், எத்தனை பொருள்கள் திரியும் என்பதை எண்ணிப் பாருங்கள். மொழித்தூய்மை என்பது புலவர் தம் விளையாட்டன்று. பொருள் திரியாமை என்பதே அதன் உயிர்.

செருமானியத்தின் அசே உப்புச் சுரங்கத்தில் 1967க்கும் 1978க்கும் இடையில் ஓரிலக்கத்து இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட பீப்பாய்களை இட்டனர். உப்பிருக்கும் இடத்தில் நீர் புகாது என்று நம்பினர். 1988ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் பன்னீராயிரம் லிட்டர் அளவில் நீர் புகுந்து வருகின்றது. இட்டவற்றையெல்லாம் மீண்டும் எடுக்க வேண்டும் என்று பின்னர் முடிவு செய்தனர். அப்பட்டறிவால் அந்நாடு திருந்தியது. புதிய இடந்தேடும் பணியில், நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 54 விழுக்காடு மேலும் ஆய்வதற்குரியது என்று 2020 செப்டம்பரில் தன் மக்கள் மொழியிலேயே படத்தோடு வெளியிட்டது. தன் ஊர் அதில் உளதா என்று எந்த உழவனும் பார்த்துக்கொள்ளலாம்.

கருவிக்குப் பகையும் உண்டு. கூடங்குளத்தின் ஆட்சிப்பணிக் கணிப்பொறி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்திருந்தமையை 2019 அக்டோபர் 30ஆம் நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முதல் நாள் வந்த அறிக்கையோ அத்தகைய தாக்குதல் நிகழவே இயலாது என்றிருந்தது. உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனியானவை, அவற்றைத் தீங்கு அணுகவில்லை என்பதே கழகத்தின் விளக்கம். அது மெய்யாகவே இருக்கட்டும். ஒரே நாளில் மாறும் அறிக்கையைக்கொண்டு ஓரிலக்கம் ஆண்டிற்கு நம்பிக்கை ஊட்ட முடியுமா என்பதே கேள்வி.

தமிழ் மண்ணில் நிகழ்ந்தவை

கூடங்குளத்திற்காக 1988ஆம் ஆண்டு அன்றைய சோவியத்து ஒன்றியத்தோடு செய்த உடன்படிக்கையின்படி, எரிந்த எரிபொருள் அந்நாட்டிற்கே திரும்பிச் செல்வதாக இருந்தது. 1998ஆம் ஆண்டு உருசியாவோடு செய்த உடன்படிக்கையில் அது மாறியது. எரிந்தது இங்கேயே தங்கும் என்றாயிற்று. 2013 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், நிலையான ஆழ்நிலக் களஞ்சியம் ஒன்றை விரைந்து அமைப்பதற்கு நடுவணரசும் அணுத்துறையும் முனைய வேண்டும் என்றும், கழிவு கூடங்குளத்திலேயே கிடக்குமோ என்று மக்கள் கொண்ட அச்சம் அதனால் நீங்கும் என்றும் கூறப்பட்டது. உலைக்கு வெளியே எரிகோல்களை வைக்கும் இடைக்காலச் சேமிப்பகத்திற்கு 2022 ஏப்பிரல் வரை காலநீட்டிப்பு 2018ஆம் ஆண்டில் தரப்பட்டது. அச் சேமிப்பகம் பற்றி 2019 சூலை 10ஆம் நாள் நிகழவிருந்த மக்கள் கருத்துக்கேட்பு, எதிர்ப்பெழுந்தமையால் தள்ளிவைக்கப்பட்டது. எரிபொருளை மறுசெயலாக்கம் செய்து, எஞ்சுவதைக் கண்ணாடியாக உருக்கி வைப்பதால், கழிவின் அளவு சிறிது. ஆழ்நிலக் களஞ்சியம் உடனடித் தேவையன்று என்பது அணுவாற்றல் துறையின் நிலை. சிறிதாயினும் அழியாதது அழியாததே. இன்று தேவையன்று என்பதற்கு நாளை வேண்டாம் என்பது பொருளாகாது.

கோலாரின் கதையைக் கேளுங்கள். வடார்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் நூறாண்டுக்கு மேல் தம் மூச்சை ஈந்து தோண்டிய பொற்சுரங்கம் அது; மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அச்சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியொன்றில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், 1980களில் பாறையைச் சூடேற்றி அதன் போக்கை எட்டாண்டு அளந்தனர். கழிவு இடப்படவில்லை, கழிவின் சூட்டைப் பாறை தாங்குமா என்பதே ஆய்வு. 2001 பிப்பிரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. 2012 நவம்பரில் கூடங்குள வழக்கில், கோலார்ச் சுரங்கமே கழிவிடும் இடம் என்பது போன்ற பேச்சு உச்ச நீதிமன்றத்தில் எழ, கோலார் மக்கள் கொதித்தெழுந்தனர். அத்தகைய திட்டமேதும் இல்லை என்று அரசு உடனே மறுத்தது. பொன்னிருந்த வரை தோண்டியவர்க்கு, பொன் தீர்ந்த பின் குழியில் என்ன இடப்போகின்றார்கள் என்று சொல்வாரில்லை.

இனி, இம் மலைக்கு அப்பால் உள்ள செய்தி. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் நடுவணரசு இசைவளித்தது. 50,000 டன் காந்த இரும்பைக்கொண்டு, வளிமண்டலத்தில் பிறக்கும் நுண்துகளை அளப்பது அதன் நோக்கம். அத் துகளைக் கோலார்ச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965ஆம் ஆண்டிலேயே கண்டறிந்த பெருமை இந்நாட்டிற்கு உண்டு. ஆயினும், ஆய்வகம் என்னும் பெயரால் அணுக்கழிவை இட மலையைக் குடைகின்றார்கள் என்னும் பேச்சு தேனியிலும், இப்பக்கத்து ஊர்களிலும் பரவியது. அறிஞர் அதனை மறுத்தனர். 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சூழல் இசைவை நிறுத்தியது. 2018 மார்ச்சில் நடுவணரசு மீண்டும் தந்தது. 2021 பிப்பிரவரியில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்பிரவரியில் தமிழ்நாட்டரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து உறுதிமொழி அளித்தது.

அவ்வாய்வகத்தை வேண்டாம் எனக் கூற மலையும் காடும் நீருமே தக்க ஏதுக்கள். இல்லாத கழிவை இருப்பதாகக் கூறுவது தமிழர்க்கு அழகன்று. பொய்யின்மேல் நிற்கும் எதிர்ப்பு ஒருநாள் கழன்று விழும். அதே வேளையில், அப்பொய் ஏன் அத்துணை எளிதாகப் பரவியது என்பதையும் ஆண்டோர் எண்ண வேண்டும். திட்டம் ஆங்கிலத்தில், ஆய்வறிக்கை ஆங்கிலத்தில், படங்கள் தில்லியில். உண்மையைத் தமிழில் சொல்லாத இடத்தில் வதந்தி தமிழில் பேசும். மக்களின் அச்சத்தை அறியாமை என்று இகழ்பவர், அறிவை ஊட்ட மறுத்தவர் யாவர் என்பதையும் கூறட்டும். சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 2020ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடுவணரசு வெளியிட, எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2020 சூன் 30இல் ஆணையிட நேர்ந்ததே!

புதையல் என்னும் சொல்

இறுதியாக ஒன்று, அது மொழி பற்றியது. மண்ணுக்குள் இட்டதைப் பின்வருவோர் தோண்டாமல் இருக்க எங்ஙனம் எச்சரிப்பது? புதை என்னும் வினையடியாகப் பிறந்தது புதையல் என்னும் சொல். அச்சொல்லைக் கேட்டதும் தமிழர் உள்ளத்தில் தோன்றுவது நஞ்சா, பொன்னா? பொன்னே! ஆழத்தில், உறுதியான கலத்தில், பல காவலோடு வைத்தது விலைமதிப்பரியதாகவே இருக்கும் என்று எண்ணுவது மாந்த இயல்பு. எச்சரிக்கைக் கல்லே திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். இவ்விடுக்கணை மேலை நாட்டாரும் உணர்ந்துள்ளனர். நியூ மெக்சிகோக் களஞ்சியத்தின்மேல் பதினாயிரம் ஆண்டிற்கு நிறுத்தத் திட்டமிட்டுள்ள கற்களில், உலக நாடுகள் மன்றத்தின் ஆறு மொழிகளோடு, அம்மண்ணின் மக்களாகிய நவகோக்களின் மொழியிலும் எச்சரிக்கை பொறிக்க எண்ணியுள்ளனர். மண்ணிற்குரிய மொழியே அம்மண்ணில் நெடுங்காலம் நிற்கும் என்பதை அவர் உணர்ந்தார், இங்குள்ளோர் உணரவில்லை.

மொழி நின்றாலும் எழுத்து மாறும் என்பதையும் மறத்தலாகாது. மதுரைக்கு அருகில் மாங்குளத்துக் குகையில் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய கல்வெட்டை 1882ஆம் ஆண்டில் கண்டனர். அது தமிழே என்று 1924ஆம் ஆண்டில்தான் தெளிந்தனர். ஈராயிரம் ஆண்டிற்கு முன் எழுதிய தமிழ், தமிழர் கண்முன்னே, தமிழர் மலையிலேயே, படிப்பாரின்றிக் கிடந்தது. கல்லின் நிலையே அதுவெனின், கணிப்பொறிப் பதிவின் நிலை என்ன? இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் தோலில் எழுதிய நிலக்கணக்கை இன்றும் படிக்கின்றனர். அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நினைவாக 1986ஆம் ஆண்டில் ஒளித்தட்டில் பதித்த கணக்கை, பதினைந்தாண்டு கழிவதற்குள் படிக்கும் கருவி அரிதாகி, அரும்பாடுபட்டே மீட்டனர். அதனால்தான் பிரான்சு நாட்டினர், 1994ஆம் ஆண்டில் கழிவேற்பு நிறுத்திய தம் களஞ்சியமொன்றின் பதிவுகளை நெடுநாள் கெடாத தாளில் அச்சிட்டு ஈரிடங்களில் வைத்துள்ளனர். ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டு நின்றது, கரையான் அரிக்குமுன் படியெடுத்தவன் இருந்தமையால். நிலைத்தது ஓலையன்று, படியெடுக்கும் வழக்கம். அவ்வழக்கம் ஒரு மொழி பேசும் மக்களிடமே வாழும், கருவியிடம் வாழாது.

ஆதலின், தமிழ் மக்கள் கேட்க வேண்டுவன இவை:

1. அணுக்கழிவு பற்றிய ஆய்வு, திட்டம், அளவை அனைத்தும் அத் திட்டம் அமையும் மண்ணின் மொழியில் முழுமையாக வெளிவருதல் வேண்டும், சுருக்கம் போதாது.

2. கணிப்பொறிக் கணக்கு மட்டுமன்றி, அக்கணக்கிற்குக் கொடுத்த எண்களும், விடுத்த எண்களும் காட்டப்பெறல் வேண்டும். துறையைச் சாராத வல்லுநர் அக்கணக்கை மீண்டும் செய்து பார்க்க உரிமை வேண்டும்.

3. கழிவைக் கையாளும் தொழிலாளிக்குரிய கையேடும் எச்சரிக்கையும் தமிழில், ஒரு பொருளுக்கு ஒரே சொல்லாக அமைதல் வேண்டும். இதற்குரிய கலைச்சொற்களை ஆக்கித் தருவது தமிழாசிரியர் கடன்.

4. ஊராரின் ஒப்புதலின்றி ஒரு குழியும் தோண்டப்படலாகாது. பின்லாந்தில் ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை இருந்தது. அவ்வுரிமை இருந்தமையால்தான் அவ்வூர் நம்பி இசைந்தது. 2001ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றத்திலும் 159 பேர் ஏற்க, மூவரே மறுத்தனர்.

பெருமக்களே! இம் மலையடியில் கழிவிடும் திட்டம் எதுவும் இல்லை. இருப்பதாக எவரும் மருள வேண்டா. ஆனால், தமிழ்நாட்டு உலைகளின் எரிந்த எரிகோல் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது, ஆண்டுதோறும் பெருகுகின்றது, அதனை என்றேனும் எங்கேனும் இட்டேயாக வேண்டும். அந்நாளில் வல்லுநர் திரையில் ஒரு மலையை வரைந்து காட்டிப் பேசுவர். அம்மலையின் ஊற்றுக்கண்ணை அறிந்த உழவனும், அவர் பேசும் சொல்லின் பொருளறிந்த மாணவனும் அவையில் இருந்து வினவும் நிலை வேண்டும். அதற்கு இன்றே பள்ளிப் பிள்ளைக்குக் கதிரியக்கமும் அரைவாழ்நாளும் தமிழில் கற்பியுங்கள். அறிந்து கேட்கும் ஊரை எக்கருவியும் ஏமாற்றாது.

வெல்க தமிழறிவு!